டிபி மருந்துக்கும் அடங்காத காய்ச்சல்: நுரையீரலில் ஒளியும் அபூர்வ கிருமிகளை லேப் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்று வாரமாக இருமல். சாயங்காலம் ஆனால் காய்ச்சல். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலின் மேல் பகுதியில் நிழல். "பார்த்தா டிபி மாதிரி இருக்கு" என்கிறார்கள். சளிப் பரிசோதனையில் டிபி கிருமி தெரியவில்லை. ஆனாலும் டிபி மருந்து தொடங்கப்படுகிறது. ஒரு மாதம் ஆகியும் காய்ச்சல் விட்டபாடில்லை.

நுரையீரல் மருத்துவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. இப்படி வருபவர்களில் பலருக்கு உண்மையிலேயே டிபிதான் இருக்கும். சிலருக்குப் புற்றுநோயோ பூஞ்சைத் தொற்றோ இருக்கலாம். இன்னும் சிலருக்கு, வழக்கமான பரிசோதனையில் எளிதில் பிடிபடாத ஒரு பாக்டீரியா காரணமாக இருக்கும். அந்த பாக்டீரியாவின் பெயர் தெரியும் வரை சரியான மருந்து கிடைக்காது. சில கிருமிகள் விஷயத்தில் அந்தத் தாமதம் உயிரையே பறித்துவிடும்.

அப்படிப்பட்ட கிருமிகள் எவை? லேப்பில் ஏன் தப்பிக்கின்றன? எப்படிப் பிடிக்கிறார்கள்? நோயாளியும் குடும்பமும் என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

சளி லேப்புக்குப் போனதும் என்ன நடக்கிறது?

முதலில் அது சளிதானா என்று பார்ப்பார்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பல நேரம் டப்பாவில் வருவது வெறும் எச்சில்தான். மைக்ராஸ்கோப்பில் வாய்ப்பகுதி செல்கள் நிறைய தெரிந்து, சீழ் செல்கள் குறைவாக இருந்தால் "இது எச்சில், திரும்ப அனுப்புங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

நல்ல சளி என்றால் அடுத்தது சாயப் பரிசோதனை. கிராம் சாயம் போட்டால் கிருமி ஊதா நிறமாகவோ இளஞ்சிவப்பு நிறமாகவோ தெரியும். ஊதா என்றால் கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பு என்றால் கிராம் நெகட்டிவ். டிபிக்கு வேறு சாயம்.

பிறகு கல்ச்சர். ரத்தம் போன்ற சத்துகள் கலந்த தட்டில் சளியைத் தடவி, உடல் சூட்டுக்குச் சமமான வெப்பத்தில் வைப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாளில் கிருமிகள் கூட்டம் கூட்டமாக வளர்ந்து புள்ளிகளாகத் தெரியும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அதை வைத்தே சொல்கிறார்கள்.

நிமோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்ற வழக்கமான நிமோனியா கிருமிகளுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சில கிருமிகள் இந்தத் தட்டில் வளரவே வளராது. சில மெதுவாக வளரும். அதற்குள் தட்டைக் குப்பையில் போட்டிருப்பார்கள். மூன்றாவது ரகம்தான் ரொம்ப ஆபத்து. அது தட்டில் நன்றாக வளரும், கண்ணுக்கும் தெரியும், ஆனால் வேறு பெயரில் ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

அந்த மூன்றாவது ரகத்துக்கு நம் பகுதியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது: மெலியாய்டோசிஸ்.

டிபி வேஷம் போடும் மண் கிருமி

மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்குவது பர்கோல்டேரியா சூடோமல்லி என்ற பாக்டீரியா. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. வயல்காடு, சேறு எல்லாம் இதற்கு வீடு மாதிரி. காலில் உள்ள வெட்டுக்காயம், சேற்றுப்புண் வழியாக உள்ளே போகலாம். காற்றில் பறக்கும் ஈரத்துளி, தூசு வழியாக நேராக நுரையீரலுக்கும் போகலாம். அசுத்தமான தண்ணீரைக் குடிப்பதாலும் வரலாம். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அரிது. மழைக்காலத்தில்தான் நோயாளிகள் அதிகம் வருவார்கள்.

இந்த நோய் முதலில் விவரிக்கப்பட்டது ரங்கூனில். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. 1912-ல் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றிய சி.எஸ்.கிருஷ்ணசுவாமியும் இதைப் பதிவு செய்தார்கள். பிரேதப் பரிசோதனையில் கிடைத்த கிருமி, குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமி போலவே இருந்தது. ஆனால் குதிரை நோயின் கிருமி நகராது, இது நகர்ந்தது. தட்டில் அதைவிட வேகமாகவும் வளர்ந்தது. அந்தச் சின்ன வித்தியாசங்களைக் கவனித்ததால்தான் இது ஒரு புது நோய் என்று தெரிந்தது.

நூறு ஆண்டுகள் கடந்தும் இந்த நோய் கணக்கில் முழுதாக வரவில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகில் ஆண்டுக்கு சுமார் 1,65,000 பேருக்கு மெலியாய்டோசிஸ் வரலாம், அதில் சுமார் 89,000 பேர் இறக்கலாம் என்று மதிப்பிட்டது. இந்தச் சுமையில் ஏறத்தாழ 44 சதவீதம் தெற்காசியாவில் என்றது அதே ஆய்வு. வேலூர் சிஎம்சி, மணிப்பால் கஸ்தூர்பா போன்ற இடங்களின் மருத்துவர்கள் இந்திய நோயாளிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். அதாவது, தேடும் இடத்தில் நோய் கிடைக்கிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதல் இடம் சர்க்கரை நோயாளிகளுக்கு. மெலியாய்டோசிஸ் வருபவர்களில் பெரும் பங்கினர் அவர்கள்தான். அதிகமாக மது அருந்துபவர்கள், சிறுநீரக நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், தலசீமியா உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சுகர் கட்டுக்குள் இல்லாத ஒருவர் வயலிலோ கட்டட வேலையிலோ தினமும் மண்ணோடு புழங்குகிறார், அவருக்கு நிமோனியா வருகிறது என்றால், மருத்துவரின் பட்டியலில் இந்தப் பெயரும் இருக்க வேண்டும்.

இந்த நோய் அதிகம் பார்க்கப்படும் வடக்கு ஆஸ்திரேலியாவில், பாதிப் பேருக்கு அது நிமோனியாவாகத்தான் வெளிப்படுகிறது. சிலருக்கு ஓரிரு நாளிலேயே மூச்சுத்திணறி, ரத்தத்தில் கிருமி பரவி, ஐசியு வரை போகும். வேறு சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். இருமல், எடைக் குறைவு, எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் நிழல், சில நேரம் குழி. அச்சு அசல் டிபி! குழப்பமே இங்கதான் ஆரம்பிக்குது.

கண்ணுக்குத் தெரிந்தும் தப்பிப்பது எப்படி?

சளியில் ஏற்கெனவே வாய், தொண்டைக் கிருமிகள் ஏராளம். சாதாரணத் தட்டில் அவை முண்டியடித்து வளரும்போது, இந்தக் கிருமி அடியில் அமுங்கிவிடும். ரிப்போர்ட்டில் "வழக்கமான தொண்டைக் கிருமிகள்" என்று மட்டும் வரும்.

வளர்ந்தாலும் முதல் நாளில் சின்னதாக, சாதாரணமாகத்தான் இருக்கும். இதன் அடையாளமான சுருக்கம் விழுந்த தோற்றம் வர இரண்டு, மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் "சூடோமோனாஸ் வகை" என்று எழுதி முடித்துவிட வாய்ப்புண்டு. சூடோமோனாஸ் வகைகள் ஆஸ்பத்திரித் தண்ணீரிலும் கருவிகளிலும்கூட இருப்பவை. எனவே "வெளியிலிருந்து கலந்திருக்கும்" என்று ஒதுக்கிவிடவும் வாய்ப்புண்டு.

தானியங்கி மெஷின்களும் ஏமாறும். அவை கிருமியைத் தம்மிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கின்றன. பட்டியலில் இந்தக் கிருமி சரியாக இல்லாவிட்டால், பக்கத்தில் உள்ள உறவுக்காரர் பெயரைச் சொல்லிவிடும். புதிய மால்டி-டாஃப் மெஷின்கூட இதைத் தீங்கு குறைந்த பர்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் என்று காட்டிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

அப்போ எப்படிப் பிடிக்கிறார்கள்?

அனுபவமுள்ள நுண்ணுயிரியல் நிபுணர்கள் சில தடயங்களை வரிசையாகப் பார்க்கிறார்கள்.

• சாயத்தில் தோற்றம்: கிராம் நெகட்டிவ் கிருமி. இரு முனையிலும் சாயம் ஏறி நடு வெளுத்து, ஊக்கு போலத் தெரியும். இது ஒரு குறிப்பு மட்டுமே, முடிவு அல்ல.

• மருந்துகளிடம் நடத்தை: இதுதான் எளிய, செலவு குறைந்த தடயம். ஆக்சிடேஸ் சோதனையில் பாசிட்டிவ் வரும் கிராம் நெகட்டிவ் கிருமி, ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்கவில்லை, ஆனால் கோ-அமாக்ஸிக்ளாவுக்கு அடங்குகிறது என்றால் உடனே சந்தேகப்பட வேண்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் பொதுவாக இதற்கு நேர்மாறாக நடக்கும்.

• தனித் தட்டு: ஆஷ்டவுன் ஊடகம் என்று ஒன்று உண்டு. அதில் ஜென்டாமைசின் கலந்திருப்பதால் மற்ற கிருமிகள் பெரும்பாலும் அமுங்கிவிடும். இது மட்டும் ஊதா நிறத்தில், உலர்ந்த பூ போலச் சுருங்கி வளரும்.

• உறுதி செய்யும் சோதனைகள்: வளர்ந்த கிருமியை ஒரு துளி லேட்டெக்ஸ் திரவத்தோடு கலந்து பார்க்கும் சோதனை, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற ஆன்டிஜன் சோதனை, இந்தக் கிருமிக்கே உரிய மரபணுவைத் தேடும் பிசிஆர் ஆகியவை இதில் அடங்கும்.

சளியை மட்டும் நம்பினால் போதாது. ரத்தம், சிறுநீர், தொண்டைத் தடவல், எங்காவது சீழ்க்கட்டி இருந்தால் அந்தச் சீழ் என எல்லாவற்றையும் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். நிமோனியாவோடு கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் இருந்தால் அது பெரிய துப்பு. அதனால்தான் நெஞ்சு நோயாளிக்கு ஏன் வயிற்று ஸ்கேன் என்று யோசிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம்: கல்ச்சர் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் அல்ல. ஒருமுறை எடுக்கும் கல்ச்சர் சுமார் 60 சதவீத நோயாளிகளைத்தான் பிடிக்கும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும்.

நான்கு மாநிலம், ஒரே கிருமி

கிருமியின் பெயரைச் சரியாகச் சொன்னால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2021-ல் அமெரிக்காவில் நடந்த சம்பவம் சாட்சி. கன்சாஸ், மினசோட்டா, டெக்சாஸ், ஜார்ஜியா ஆகிய நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் வந்தது. யாரும் வெளிநாடு போனதில்லை. ஒருவருக்கொருவர் அறிமுகமும் இல்லை. இருவர் இறந்துவிட்டார்கள், அதில் ஒருவர் குழந்தை.

நால்வரின் கிருமியையும் முழு மரபணு வரிசைப்படுத்திப் பார்த்தபோது, எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தது என்றும், தெற்காசியக் கிருமிகளை ஒத்திருக்கிறது என்றும் தெரிந்தது. வீடுகளிலிருந்து மண், தண்ணீர், பயன்படுத்திய பொருட்கள் என ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அக்டோபர் மாதம் ஜார்ஜியா நோயாளியின் வீட்டில் கிடைத்த ஒரு வாசனை ஸ்பிரே பாட்டிலில் அந்தக் கிருமி சிக்கியது. இந்தியாவில் தயாராகி, அமெரிக்கக் கடைகளில் விற்ற ஸ்பிரே அது. சுமார் 3,900 பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன.

முதல் நோயாளியின் ரிப்போர்ட்டிலேயே "ஏதோ சூடோமோனாஸ்" என்று எழுதி மூடியிருந்தால்? அந்த பாட்டில் இன்னும் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்?

இதேபோல ஒளியும் இன்னும் மூன்று கிருமிகள்

லெஜியோனெல்லா: 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் முன்னாள் ராணுவ வீரர்களின் மாநாடு நடந்தது. அதன்பின் 221 பேருக்கு நோய் தாக்கி, 34 பேர் இறந்தார்கள். எந்தத் தட்டிலும் கிருமி வளரவில்லை. விஷமா, வைரஸா என்று நாடே குழம்பியது. ஆறு மாதம் கழித்து, 1977 ஜனவரியில் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஜோசப் மெக்டேடும் சார்லஸ் ஷெப்பர்டும் அது ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடித்தார்கள். இரும்புச் சத்தும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் இல்லாவிட்டால் இது வளராது. கிராம் சாயத்திலும் சரியாகத் தெரியாது. தண்ணீர்க் குழாய்கள், பெரிய ஏசிகளின் கூலிங் டவர்களில் வளர்ந்து, நுண்துளிகள் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. இப்போது சிறுநீர் ஆன்டிஜன் சோதனையில் சீக்கிரமே கண்டறியலாம். ஆனால் அது முக்கியமாக ஒரு வகையைத்தான் காட்டும். மற்ற வகைகளுக்கு பிசிஆர் அல்லது தனித் தட்டு வேண்டும். இது நம் செல்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதால் பென்சிலின் வகை மருந்துகள் இதை எட்டுவதில்லை.

நோகார்டியா: இதுவும் மண்ணில் வாழ்வது. ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் போன்றோரைத் தாக்கும். மைக்ராஸ்கோப்பில் கிளை விட்ட நூல் போலத் தெரிவதால் பூஞ்சையோ என்று நினைக்க வைக்கும். டிபி சாயத்திலும் ஓரளவு நிறம் பிடிக்கும். தட்டில் வளரச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகலாம். "நோகார்டியா சந்தேகம்" என்று டாக்டர் எழுதி அனுப்பினால்தான் லேப்பில் தட்டை அத்தனை நாள் வைத்திருப்பார்கள். நுரையீரலில் இருந்து மூளைக்கும் போகக்கூடியது என்பதால் கவனம் தேவை.

டிபி அல்லாத மைக்கோபாக்டீரியா: மருத்துவர்கள் சுருக்கமாக என்டிஎம் என்பார்கள். டிபி கிருமியின் உறவினர்கள். சாயத்தில் டிபி போலவே சிவப்பாகத் தெரியும். சளியில் சிவப்புக் கிருமி தெரிகிறது, ஆனால் சிபிநாட் சோதனையில் டிபி இல்லை என்று வருகிறது என்றால் என்டிஎம் பற்றி யோசிக்க வேண்டும். தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருப்பவை என்பதால், ஒரு சளியில் ஒருமுறை வந்துவிட்டால் மட்டும் நோய் என்று சொல்ல மாட்டார்கள். பொதுவாக தனித்தனியாக எடுத்த இரண்டு சளியிலாவது ஒரே வகை வளர வேண்டும். அறிகுறியும் ஸ்கேனும் பொருந்த வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1968-ல் செங்கல்பட்டு பகுதியில் தொடங்கிய பெரிய பிசிஜி தடுப்பூசி ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் டிபியை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அதற்கு முன்வைக்கப்பட்ட காரணங்களில் ஒன்று, அப்பகுதி மக்களுக்குச் சுற்றுப்புறத்தில் உள்ள இந்த உறவுக் கிருமிகளோடு ஏற்கெனவே நிறைய பழக்கம் ஏற்பட்டிருந்தது என்பது.

பெயர் தெரிந்தால் சிகிச்சையில் என்ன மாறும்?

எல்லாமே மாறும். மெலியாய்டோசிஸுக்கு டிபி மருந்து உதவாது. நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாட்டிக்குகளும் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள் போட வேண்டும். அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதமோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும். "உடம்பு தேறிடுச்சு, மாத்திரை எதுக்கு" என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம்.

நல்ல ஐசியு வசதியும் சீக்கிரக் கண்டுபிடிப்பும் உள்ள வடக்கு ஆஸ்திரேலியாவில் இந்த நோயால் இறப்பவர்கள் சுமார் 10 சதவீதம். வசதி குறைந்த இடங்களில் அது 40 சதவீதம் வரை போகிறது. கிருமி ஒன்றுதான். எவ்வளவு சீக்கிரம் அடையாளம் தெரிகிறது, எந்த சிகிச்சை கிடைக்கிறது என்பதில்தான் இந்த இடைவெளியின் பெரும்பகுதி இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• சளியைச் சரியாகக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். தாமதிக்காமல் லேப்பில் சேருங்கள்.

• ஆன்டிபயாட்டிக்குக்கு முன் கல்ச்சர். மெடிக்கலில் கேட்டு வாங்கிய இரண்டு நாள் மாத்திரைகூட தட்டில் கிருமி வளராமல் செய்துவிடலாம். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் மூச்சுத்திணறல் போன்ற அவசர நிலையில் மருந்தைத் தாமதிக்கச் சொல்லாதீர்கள். அந்த முடிவு மருத்துவருடையது.

• உங்கள் கதையைச் சொல்லுங்கள். வயல் வேலையா, சேற்றில் நின்றீர்களா, வெள்ளநீரில் நடந்தீர்களா, காலில் புண் இருந்ததா, சுகர் எவ்வளவு, ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா, ஏசி ஓட்டலில் தங்கினீர்களா? எந்தத் தட்டு, எத்தனை நாள் என்று லேப் முடிவெடுக்க இந்த விவரங்கள்தான் உதவுகின்றன. ஆபத்தான கிருமி என்ற சந்தேகம் முன்பே தெரிந்தால் லேப் ஊழியர்களும் பாதுகாப்பாகக் கையாள முடியும்.

• ரிப்போர்ட்டைக் கையில் வையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்திலோ சீழிலோ "சூடோமோனாஸ் வகை" என்று மட்டும் வந்து, காய்ச்சலும் குறையவில்லை என்றால், "டாக்டர், இது மெலியாய்டோசிஸா இருக்குமான்னு பெரிய லேப்ல பார்க்கலாமா?" என்று கேட்பதில் தவறில்லை.

• டிபி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் ஊரில் இந்த அபூர்வ கிருமிகளைவிட டிபிதான் பல மடங்கு அதிகம். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத டிபியாக மாறும் அபாயம் உண்டு. சில வாரங்களில் முன்னேற்றம் இல்லை என்றால் மருத்துவரிடம் திரும்பப் போய், மறு பரிசோதனை கேளுங்கள்.

• தடுப்பு எளிது. சர்க்கரை நோயாளிகள் சேற்றில் இறங்கும்போது பூட்ஸ், கையுறை அணியுங்கள். காயத்தை மூடி வையுங்கள். புயல் மழையில் வெளியே நிற்பதைத் தவிருங்கள். மெலியாய்டோசிஸுக்கு மனிதர்களுக்கான தடுப்பூசி இன்னும் வரவில்லை.

'அபூர்வ கிருமி' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுவதுதான். தேடாத ஊரில் எந்தக் கிருமியும் அபூர்வமாகத்தான் இருக்கும். காய்ச்சல் விடாத ஒருவருக்கு "இன்னொரு முறை கல்ச்சர் எடுப்போம், இந்த முறை தட்டைக் கூடுதல் நாள் வைத்துப் பார்ப்போம்" என்று ஒரு மருத்துவர் எடுக்கும் முடிவு, அவர் ஐசியுவுக்குப் போகாமல் வீடு திரும்பக் காரணமாகலாம்.

(இந்தக் கட்டுரை பொதுத் தகவலுக்காக மட்டுமே. அறிகுறிகள் இருந்தால் மருத்துவரை அணுகவும்.)